அட்டைக்குள் ஒட்டிய தாள்

பைண்டிங் பட்டறையின் நடுவில் நீளமாக ஒரு மேசை. அதைச் சுற்றி நான்கு பெண்கள் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தார்கள். மேசைமேல் பன்னிரண்டு அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கிலும் பதினாறு பக்கமாக மடித்த தாள்கட்டுகள். ஒரு கட்டுக்குப் பாரம் என்று பெயர். ஒன்றாம் பாரத்தில் ஒன்று, இரண்டாம் பாரத்தில் ஒன்று என்று நடந்துகொண்டே எடுத்துச் சேர்த்தால், ஒரு சுற்று முடியும்போது கையில் ஒரு புத்தகம் இருக்கும். முதலில் நடப்பவளுக்கு ரயிலக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபது வருஷமாக ஓடியும் ஓர் ஊருக்கும் போய்ச் சேராத ரயில் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அன்று மத்தியானம் அவளால் சிரிக்க முடியவில்லை. முதலாளி ஒரு பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் மேசையில் போட்டார்.

"இதப் பாரு. ஆறாம் பாரம் ரெண்டு தடவ வந்திருக்கு. இன்னொரு புக்குல ஆறே இல்ல. ஸ்கூல்ல இருந்து போன் மேல போன். ரயிலு, கண்ண எங்க வெச்சிக்கிட்டு நடக்குற?"

ரயிலக்கா வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார். பட்டறையில் அவருக்குப் பசை மாஸ்டர் என்று பெயர். அவர் ஒட்டியது ஒட்டியதுதான், பிரியாது. புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மை காயறதுக்குள்ள மடிச்சிருக்காங்க முதலாளி. ரெண்டு கட்டும் ஒட்டிக்கிச்சு. கைக்கு ஒண்ணாத்தான் தெரியும். யார் நடந்தாலும் ரெண்டாத்தான் வரும். அவங்கள ஏன் திட்றீங்க?"

அதோடு விடவில்லை. ஒவ்வொரு பாரத்தின் மடிப்பிலும் ஒரு கறுப்புக் கோடு அச்சடித்திருக்கும். பன்னிரண்டையும் சரியாக அடுக்கினால் புத்தகத்தின் முதுகில் கோடுகள் படிபோல இறங்கி வரும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் படி இடறும். அதைப் பார்ப்பதற்கென்றே நெட்டை என்று ஓர் ஆள் இருந்தான். மாஸ்டர் அவனைக் கூப்பிட்டார்.

"பாத்தியா, பாக்கலையா?"

நெட்டை தலையைச் சொறிந்தான். "பாத்தேன் மாஸ்டர். சாப்பாட்டு நேரம். ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன்."

மாஸ்டருக்கு வந்ததே கோபம்! "தாள் ஒட்டிக்கிச்சுன்னா அது ஈரம் பண்ணுன வேல. அதப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டுக் கட்டி அனுப்புன பாரு, அது நீ பண்ணுன வேல. திட்டு வாங்குனது யாரு? இந்த அம்மா. உனக்குக் கொஞ்சமாவது உறுத்துச்சாடா?"

நெட்டை தலை குனிந்தான். முதலாளியும் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். ரயிலக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாஸ்டர் மாதிரி நியாயமான மனுஷன் எங்க கிடைப்பாங்க?" என்றாள். நியாயமான மனுஷன்! அந்த வார்த்தை மாஸ்டருக்கு எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்குத் தெரியாது. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பசை வாளியைக் கிண்ட ஆரம்பித்தார். அப்போதுதான் போன் அடித்தது. அம்மா.

"தங்கச்சி பெட்டியோட வந்து நிக்கிறாடா. மூணாவது கருவும் தங்கல. அவங்க வீட்டுல, போய் அம்மா வீட்டுலயே இருன்னு அனுப்பிட்டாங்க. மாப்பிள்ள வாயே திறக்கலயாம்."

மாஸ்டர் பசைக் குச்சியை வாளியிலேயே விட்டுவிட்டார். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அவ தேறுற வரைக்கும் உன் பொண்டாட்டியும் பிள்ளையும் இங்க இருக்கக் கூடாது. ராசி கெட்ட ரத்தம்டா அவளோடது. அவ கை பட்டுத்தான் என் பொண்ணு வயிறும் இப்படி ஆகுது. சாயங்காலமே அவங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடு. சொல்லிட்டேன்."

"சரிம்மா" என்றார் மாஸ்டர். ஆறு வருஷமாக அவர் சொல்லிவந்த ஒரே பதில் அது.

அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார். உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், மேசைமேல் இரண்டு தாள்களை விரித்து வைத்து ஒரு டாக்டரம்மா அவருக்குப் பொறுமையாகச் சொல்லியிருந்தார். மகளுக்கு அப்போது நாலு மாசம். உருண்டை முகம், சற்றே மேலேறிய கண்கள். பட்டாணி என்று கூப்பிடுவார்கள். டவுன் சின்ட்ரோம் என்று பெயர் சொல்லி, குழந்தையின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அம்மா அப்பா இருவரின் ரத்தத்தையும் எடுத்திருந்தார்கள். முடிவை வாங்க மாஸ்டர் தனியாகத்தான் போனார்.

"நம்ம ஒவ்வொரு செல்லுலயும் நாப்பத்தாறு குரோமோசோம் இருக்கும். அப்பாகிட்ட இருந்து பாதி, அம்மாகிட்ட இருந்து பாதி. விந்தும் முட்டையும் உருவாகறப்போ செல் பிரிஞ்சு அந்தப் பாதிப் பாதியா பங்கு போகணும். பிரியறப்போ சில நேரம் தவறிடும், ஒண்ணு கூடுதலா போயிடும். இருபத்தொண்ணாம் நம்பர் ரெண்டுக்கு மூணா வந்துட்டா இந்த மாதிரி குழந்த. பெரும்பாலும் இது தற்செயல்தான், யார் வீட்டுலயும் நடக்கலாம். உங்க விஷயம் மட்டும் கொஞ்சம் வேற" என்றார் டாக்டரம்மா. "உங்க மனைவியோடது சரியா இருக்கு. உங்களுக்குப் பதினாலாம் நம்பர்ல ஒண்ணும் இருபத்தொண்ணுல ஒண்ணும் ஒட்டிக்கிட்டு ஒண்ணா இருக்கு. மொத்தச் சரக்கும் இருக்கறதால உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. குழந்தைக்குப் பங்கு பிரியறப்போதான் சிக்கல்."

"ரெண்டு பாரம் ஒட்டிக்கிட்ட மாதிரி" என்றார் மாஸ்டர், தன்னையறியாமல். பாரம் என்றால் என்னவென்றும் விளக்கினார்.

டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அதேதான்! இவ்வளவு சுலபமா நானே யாருக்கும் சொன்னதில்ல. இதுல உங்க தப்புன்னு எதுவும் இல்ல, புரியுதா? ஒண்ணு மட்டும் முக்கியம். கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி. இப்பத்தான் மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம்."

"இது உங்க அம்மா அப்பா வழியா வந்திருந்தா, அவங்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தா அடிக்கடி கரு கலையலாம், இந்த மாதிரி குழந்த பிறக்கலாம், எந்தச் சிக்கலும் இல்லாமலும் பிறக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனதான். முன்னாடியே தெரிஞ்சா நாங்க கூட இருந்து பாத்துக்குவோம். உங்களுக்கும் அடுத்த குழந்தைக்கு அப்படித்தான். இந்த ரெண்டு தாளையும் பத்திரமா வெச்சிருங்க."

பத்திரமாக வைத்தார். எப்படி வைத்தார் என்று கேளுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள், "என்னடா சொன்னாங்க?" மனைவி கையில் பால் புட்டியோடு கதவோரம் நின்றிருந்தாள். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு மூச்சு போதும். ஆனால் ஆம்பளை என்ற வீம்பு ஒரு பக்கம், தங்கச்சி கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். மென்று விழுங்கி, "இனிமே புள்ள வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றார். அவ்வளவுதான். மீதியை அம்மா தானாகவே முடிவு கட்டினாள். "எனக்கு அப்பவே தெரியும். அவ ரத்தத்துலதான் கோளாறு. நம்ம பக்கம் யாருக்கு இப்படி இருக்கு?" மாஸ்டர் மறுத்துப் பேசவில்லை. மனைவியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளும் நம்பிவிட்டாள்.

அந்த வாரமே அவர் தன் கையால் ஒரு போட்டோ ஆல்பம் கட்டினார். தடித்த அட்டை, நீலத் துணி. முன் அட்டையின் உள்ளே தன் ரிப்போர்ட், பின் அட்டையின் உள்ளே மனைவியின் ரிப்போர்ட். மேலே வெள்ளைத் தாளை ஒட்டி மூடினார். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மேடு இல்லை. கிழித்துப் போட மனம் வரவில்லையாம், தங்கச்சிக்குத் தேவைப்படுமாம்! அதற்காகப் பட்டறையின் கெட்டிப் பசையை விட்டுவிட்டு, தண்ணீர் பட்டால் இளகுகிற மைதாப் பசையைத் தடவினார். மனசாட்சிக்கு அவர் கொடுத்த இடம் அவ்வளவுதான்.

அதன்பிறகு தங்கச்சிக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணியைப் போட்டோவில் ஓரமாக நிற்கச் சொன்னாள் அம்மா. தங்கச்சி உண்டானபோது அண்ணி பார்க்கப் போகக் கூடாது என்றாள். முதலாவது கலைந்தது, இரண்டாவது கலைந்தது. ஒவ்வொரு தடவையும் அவச்சொல் மனைவிக்கு வந்தது. ஒரு நாள் அவளே மாஸ்டரிடம், "என்னால உங்களுக்கு இன்னொரு புள்ள இல்லாமப் போச்சு. வேற கல்யாணம் பண்ணிக்கிறதுன்னா பண்ணிக்குங்க, நான் தடுக்க மாட்டேன்" என்று சொன்னாள். அன்றைக்குக்கூட அந்த மனுஷன், "அசடு மாதிரி பேசாத" என்று பெருந்தன்மையாக அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

இதயப் பரிசோதனைக்காகப் பட்டாணியை நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு அவரேதான் தூக்கிப்போவார். என்ன பாசம் என்று தெருவே மெச்சியது. மனைவியும் அந்த டாக்டரம்மாவும் ஒரு நாளும் சந்தித்துவிடக் கூடாது என்பதுதான் அந்தப் பாசம். டாக்டரம்மா பார்க்கும்போதெல்லாம், "தங்கச்சியக் கூட்டிட்டு வரலயா?" என்பார். "தூரத்துல கட்டிக்கொடுத்துட்டோம்மா" என்பார் இவர். இரண்டு பஸ் தூரம்.

வீட்டு வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாக ஒழுங்காக நின்றன. அது பட்டாணியின் வேலை. யார் வந்து எப்படி விட்டெறிந்தாலும் ஜோடி சேர்த்துச் சுவரோரம் வைத்துவிடுவாள். மாஸ்டர் கழற்றிய செருப்பையும் வாங்கித் தன் அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "அத்த அழுவுது" என்று செய்தியும் சொன்னாள்.

தங்கச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பட்டாணி ஒரு டம்ளரில் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் நீட்டினாள். அம்மா பாய்ந்து அந்த டம்ளரைத் தட்டிவிட்டாள்.

"நீ போ அந்தப் பக்கம்!"

தண்ணீர் தரையில் ஓடியது. பட்டாணி அழவில்லை. துணி எடுத்துவந்து துடைக்க உட்கார்ந்தாள். உள் அறையில் மனைவி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவளிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

"அண்ணி எதுக்கும்மா போகணும்?" என்றாள் தங்கச்சி, சுரத்தே இல்லாமல்.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு. அவ காத்து பட்டாலே ஆகாது."

தங்கச்சி, "என்னமோ... ஒருவேள அதுவும் காரணமா இருக்குமோ என்னமோ. எனக்கு ஒண்ணும் புரியலம்மா. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

உள்ளே துணி அடுக்கிய கை நின்றது. இத்தனை வருஷத்தில் நாத்தனார் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாஸ்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன செய்தார்? "ஆட்டோ கூட்டிட்டு வரேன்" என்று வாசலுக்குத் திரும்பினார்.

"என்னங்க" என்று மனைவி கூப்பிட்டாள். அவள் கையில் நீல ஆல்பம். "இத எடுத்துட்டுப் போகட்டுமா? பட்டாணி இதப் பாத்தாத்தான் சாப்பிடுவா. வேற எதுவும் வேணாம்."

மாஸ்டர் பயந்துபோய் அதை வாங்கக் கையை நீட்டினார். அடுத்த கணமே, வெட்கக்கேடு, ஒரு நிம்மதியும் வந்தது. போகட்டுமே! அவள் கையாலேயே அந்தத் தாள்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டால் இனி கேட்க ஆளில்லை, தேட ஆளில்லை. அவள் குற்றவாளி இல்லை என்ற சாட்சியை அவள் தலையிலேயே கட்டி அனுப்பிவிடலாம். "எடுத்துக்க" என்று சொல்ல வாயெடுத்தார். பார்வை கட்டிலுக்குப் போனது.

ஆல்பம் போய்விட்டால் தங்கச்சி நாலாவது தடவையும் இதே கட்டிலில் வந்து உட்காருவாள். நான் என்ன தப்பு பண்ணேன் என்று கேட்பாள். பதில் வேறொரு வீட்டு அலமாரியில் இருக்கும். ஆறாம் பாரம் இரண்டு தடவை வந்த புத்தகம் நினைவுக்கு வந்தது. நெட்டையை அவர் எப்படியெல்லாம் வறுத்தெடுத்தார்! சாப்பாட்டு நேரம் என்று அரைமணி வாயை மூடியவன் அவன். இவர் மூடியது ஆறு வருஷம்.

"அதக் கொடு" என்று ஆல்பத்தை வாங்கித் தரையில் உட்கார்ந்தார். "பட்டாணி, அந்த ஈரத்துணியக் கொண்டா."

பட்டாணி கொண்டுவந்து கொடுத்தாள். முன் அட்டையின் உள்பக்கத்தில் துணியை விரித்து அழுத்தினார். அம்மா, "என்னடா பண்ற, பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்றாள். அவர் அழுத்திய கையை எடுக்கவில்லை. பசை இளகியதும் மூலையை நகத்தால் தூக்கி, தாளை மெதுவாக உரித்தார். உள்ளே பழுப்பேறிய தாள், ஆஸ்பத்திரி முத்திரையோடு.

அதைத் தங்கச்சியிடம் நீட்டினார். "இது என்னோட ரத்த ரிப்போர்ட். எனக்குத்தான் இருக்கு. உங்க அண்ணிக்கு இல்ல. ரெண்டு குரோமோசோம் ஒட்டிக்கிட்டிருக்கு. பட்டாணிக்கு வந்தது என்கிட்ட இருந்துதான். உனக்கும் இருக்கலாம்னு டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க. உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நான்தான்..."

தங்கச்சி தாளை வாங்கினாள். மேலே இருந்த தேதியில் அவள் விரல் நின்றது.

"அண்ணா, எனக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷம்."

"ம்."

"இது ஆறு வருஷம்."

மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை. அம்மா மட்டும் சுதாரித்துக்கொண்டாள். "நம்ம ரத்தத்துலயா? இருக்கவே இருக்காது. அப்படியே இருந்தாலும் உங்கப்பா வழியில வந்திருக்கும். அந்தக் குடும்பமே சரியில்லன்னு நான் அப்பவே..."

தங்கச்சி சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "விடும்மா. செத்தவர் தலைலயும் கட்டியாச்சா? இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களா?"

மனைவி இவ்வளவு நேரமும் கதவோரம் நின்றிருந்தாள், ஆறு வருஷத்துக்கு முன்னால் பால் புட்டியோடு நின்ற அதே இடத்தில். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னோடது எங்க?"

மாஸ்டர் ஆல்பத்தைத் திருப்பினார். பின் அட்டையிலும் ஈரத்துணியை வைத்தார். இந்தத் தடவை பசை இளகுமுன்பே இழுத்ததில் வெள்ளைத் தாள் குறுக்கே கிழிந்தது. பட்டறையில் அவர் கைக்கு அப்படி நடந்ததே இல்லை. உள்ளேயிருந்த தாளை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"வாசிங்க. சத்தமா. அத்தைக்குக் கேக்கட்டும்."

அவர் வாசித்தார். "குரோமோசோம் எண்ணிக்கை நாற்பத்தாறு. அமைப்பு இயல்பானது. பிறழ்வு எதுவும் இல்லை."

"இன்னொரு தடவ."

வாசித்தார். குரல் உடைந்தது. அவள் அதற்கு இரங்கவில்லை. தாளை வாங்கி, முந்தானையால் பசையை ஒற்றியெடுத்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"என்னப் போகச் சொன்னீங்க, போறேன். ஆனா இப்போ நீங்க அனுப்பிப் போகல. நானா போறேன்" என்றாள். "நாளைக்கு முதல்ல இவளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அப்புறம் இவ மாமியார் வீட்டுக்குப் போய் இதே மாதிரி சத்தமா வாசிங்க. அவ மேல ஒரு குத்தமும் இல்லன்னு உங்க வாயால சொல்லுங்க. அதுக்கப்புறம் வந்து என்னக் கூப்பிடுங்க. வர்றதா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்."

"மன்னிச்சிடு" என்றார் மாஸ்டர். "எல்லாம் என்னாலதான். இந்தப் புள்ள இப்படிப் பொறந்ததும்..."

"நிறுத்துங்க!" முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "புள்ளயத் தப்புக் கணக்குல சேக்காதீங்க. அவ பொறந்தது யார் தப்பும் இல்ல. உங்க உடம்புல ரெண்டு ஒட்டிக்கிட்டதும் உங்க தப்பில்ல. அதுக்காக யாராவது உங்கள ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே சண்டைக்குப் போயிருப்பேன். தானா நடக்குற பிழைக்கு ஆம்பளையும் பொறுப்பில்ல, பொம்பளையும் பொறுப்பில்ல. ஆனா தெரிஞ்சத மறைச்சு, அந்தப் பழியத் தூக்கி ஒரு பொம்பள தலைல வெக்கிறோம் பாருங்க, அதுக்கு நாமதான் பொறுப்பு. உடம்புல வர்ற பிழைய டாக்டர்கிட்டக் காட்டலாம். இத யாருகிட்டக் காட்டுவீங்க?"

பட்டாணி வாசலுக்கு ஓடித் தன் செருப்பையும் தன் அம்மாவுடையதையும் எடுத்துப் போட்டாள். அப்பாவின் செருப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா, "அப்பா வரல, வா" என்றதும் அதைத் திரும்பச் சுவரோரம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மாஸ்டரின் அம்மா சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். தங்கச்சி மடியில் கிடந்த தாளை மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். பிறகு அண்ணன் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த ஆஸ்பத்திரி காலைல எத்தன மணிக்குத் திறப்பாங்க?"

"எட்டரைக்கு" என்றார் மாஸ்டர். "ரெண்டாம் மாடி. வலது பக்கம் மூணாவது ரூம்."

எல்லாம் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அவள் அழ ஆரம்பித்தாள்.